மேலே போனவர்களின் ஊர்கள்: கிரேக்கப் பயணக் குறிப்புகள்

ஜூன் 22 – கொரிந்த் கால்வாய், இஸ்த்மியா

தம்பி வண்டி ஓட்டுகிறான், நான் பக்கத்தில் பவுசானியாஸின் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் ஊர் ஊராகப் போய், கோயில் கோயிலாகப் பார்த்து எழுதி வைத்துவிட்டுப் போன மனிதர். அவர்தான் எங்களுக்கு வழிகாட்டி. நாங்கள் தேடிப் போவது ஒரே வகை இடங்கள்: மனிதராகப் பிறந்து, பிறகு தேவர்கள் நடுவே வாழக் கொண்டுபோகப்பட்டவர்களின் ஊர்கள். கிரேக்கப் புராணத்தில் இவர்கள் சிறு கூட்டம்தான். ஒவ்வொருவரும் போன விதம் வேறு. அதற்கு விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் கீழேயே நின்றுவிட்டவர்கள். அந்தப் பக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மெகாரா தாண்டியதும் சாலை மலைச்சரிவை ஒட்டிப் போகிறது. சுரங்கங்களுக்கு நடுநடுவே இடது பக்கம் கடல் பளீரென்று தெரிகிறது. இந்தப் பாறைகளில் ஒன்றிலிருந்துதான் இனோ குதித்தாள். தீப்ஸ் அரசன் காட்மஸின் மகள் அவள். உடன்பிறந்தவள் செமெலே இறந்தபோது, தாயில்லாக் குழந்தையான டயோனிசஸை வாங்கி வளர்த்தவள். குழந்தையின் அப்பா தேவர்களின் அரசன் ஜீயஸ், அதனால் ஜீயஸின் மனைவி ஹீராவுக்கு அது பொறுக்கவில்லை. இனோவின் கணவனுக்குப் பித்துப் பிடித்தது, மூத்த மகனை மான் என்று நினைத்துக் கொன்றுவிட்டான். சின்னவன் மெலிகெர்டெஸைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் கடலில் விழுந்தாள். அடுத்தவள் பிள்ளைக்குச் சோறு போட்டதற்கு இவ்வளவு தண்டனை. ஆனால் அவள் சாகவில்லை, லூகோதியா என்ற கடல் தெய்வமானாள். ஹோமரின் ஒடிஸி காவியத்தில் படகு உடைந்து தத்தளிக்கும் ஒடிசியஸுக்குத் தன் முக்காட்டைக் கொடுத்துக் காப்பாற்றுவது இவள்தான். அந்த இடத்தில் ஹோமர், ‘முன்பு மனிதக் குரலில் பேசியவள்’ என்று ஒரு வரி போகிற போக்கில் சொல்கிறார். மூழ்கித் தவிப்பது எப்படி இருக்கும் என்று அந்தக் கடலில் இருந்த தெய்வங்களிலேயே இவளுக்குத்தான் தெரியும்!

பையனின் உடலை ஒரு டால்பின் இஸ்த்மியாவில் கொண்டுவந்து சேர்த்தது என்பது கதை. அவனைப் பாலைமோன் என்று கும்பிட்டார்கள். இஸ்த்மிய விளையாட்டுப் போட்டிகளே அவனுக்கு நடந்த ஈமச் சடங்கில் தொடங்கியவை என்பார்கள். ஜெயித்தவனுக்குப் பைன் மரக் கிளையில் கிரீடம். அவன் கோயிலில் இன்றைக்கு அடித்தளம் மட்டும் மிச்சம். அதற்குப் பக்கத்தில் பழைய ஓட்டப் பந்தயத்தின் தொடக்கக் கோடு இருக்கிறது. முக்கோணமாகக் கல் பாவியிருக்கிறார்கள். முனையில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குக் குழி. குழியிலிருந்து விரல் நுழையும் அளவுக்குக் கல்லில் வெட்டிய கோடுகள் விசிறி மாதிரி விரிகின்றன. குழிக்குள் நின்றவன் அந்தக் கோடுகளில் ஓடிய கயிறுகளை விட, எல்லோர் முன்னாலும் தடைக்கட்டை ஒரே நேரத்தில் விழும். நான் குனிந்து ஒரு கோட்டில் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே எறும்பு வரிசை.

மதியம் கால்வாய் ஓரக் கடையில் சாப்பிட்டோம். 1893இல் திறந்த கால்வாய், நீளம் 6 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பாலத்தின் மேல் நின்று பார்த்தால் வயிறு கலங்குகிறது. இறைச்சிக் குச்சி ஒன்று 2 யூரோ 20 சென்ட், கூடவே சுட்ட ரொட்டியும் எலுமிச்சைத் துண்டும். தண்ணீர் பாட்டில் 50 சென்ட். கடைக்காரப் பையன் எங்கள் மேசைக் குடையை வெயிலுக்கு ஏற்றபடி தானாகவே வந்து திருப்பி வைத்துவிட்டுப் போனான்.

ஜூன் 23 – லெர்னா

நாஃப்பிலியோவில் அறை 60 யூரோ, ஏசி இருக்கிறது, ஆனால் முனகுகிறது. காலை 10 மணிக்கே 36 டிகிரி.

லெர்னா என்றால் எல்லோருக்கும் மாவீரன் ஹெராக்ளிஸ் வெட்டிய பல தலைப் பாம்புதான் ஞாபகம் வரும். நான் வந்தது செமெலேக்காக, இனோவின் அந்த உடன்பிறந்தவள். ஜீயஸின் காதலி. ஹீரா கிழவி வேடத்தில் வந்து, ‘அவன் உண்மையிலேயே ஜீயஸ்தானா என்று பார், ஹீராவிடம் வரும் உருவத்தில் உன்னிடமும் வரச் சொல்’ என்று ஏற்றிவிட, இவள் கேட்டேவிட்டாள். அவன் இடி மின்னலோடு வந்தான், இவள் எரிந்து போனாள். வயிற்றிலிருந்த குழந்தையை ஜீயஸ் தன் தொடையில் வைத்துத் தைத்துக் காப்பாற்றினான். அந்தப் பிள்ளை டயோனிசஸ் வளர்ந்து, அல்கியோன் ஏரி வழியாகப் பாதாளம் இறங்கி, அம்மாவை மீட்டு, தேவர்கள் வாழும் ஒலிம்பஸ் மலைக்குக் கூட்டிப் போனான். பிள்ளையால் மேலே போன தாய் அவள். முகம்கூடப் பார்க்காத அம்மாவைத் தேடி ஒருவன் செத்தவர்களின் ஊருக்குப் போயிருக்கிறான், இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்த ஏரி லெர்னாவில் இருந்தது என்று பவுசானியாஸ் எழுதுகிறார். ரோமப் பேரரசன் நீரோ, பல ஸ்டேடியம் (பழைய கிரேக்க நீள அளவு, ஒன்று ஏறக்குறைய 180 மீட்டர்) நீளத்துக்குக் கயிறு கட்டி, நுனியில் ஈயம் கோத்து இறக்கிப் பார்த்தும் அடி தட்டவில்லையாம். வேறோர் இடத்தில் அவர் இன்னொன்றும் சொல்கிறார்: ஜீயஸின் மனைவியான செமெலே செத்தாள் என்பதையே என்னால் நம்ப முடியவில்லை என்று. ஊர் ஊராகக் கேட்டதை எழுதிக்கொண்டே வருகிறவர் திடீரென்று தன் மனதைச் சொல்லும் அந்த வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அகழ்வாய்வு நடந்த இடம் மிலி என்ற சின்ன ஊரில், ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே. ‘ஓடுகளின் வீடு’ என்கிற, 4,000 ஆண்டுகளுக்கும் மேல் பழைய மண்சுவர்க் கட்டடத்துக்குக் கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். நல்ல நிழல். ஏரி எங்கே என்று வாசலில் இருந்த பெரியவரிடம் கேட்டதற்குத் தலையைப் பின்னால் சாய்த்து ‘ச்சு’ என்றார். இல்லை என்று அர்த்தம், நம் ஊரில் சொல்கிற அதே மாதிரி, எங்களுக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனாலும் அவரே எழுந்து வந்து, சாலைக்கு அந்தப் பக்கம் நாணல் மண்டிய தண்ணீரைக் கை காட்டினார். பச்சைத் தண்ணீர், ஒரு தவளை, நிறையக் கொசு. பவுசானியாஸ் பார்த்த ஏரியா இது என்று சொல்லும் பலகை எதுவும் கண்ணில் படவில்லை. ‘அக்கா, அஞ்சு நிமிஷம், அவ்வளவுதான்’ என்று தம்பி காரிலேயே இருந்தான். கொசு என்னை அதற்குள் போதுமான அளவு கடித்துவிட்டது.

ராத்திரி துறைமுகத்தில் சீமைச் சுரைக்காய் உருண்டை பொரித்தது, தயிர், வேகவைத்த கீரை மேல் எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும், இரண்டு பேருக்கும் சேர்த்து 27 யூரோ. கேட்காமலே தர்பூசணித் தட்டு வந்தது. அதற்குக் காசு வாங்குவதில்லை.

ஜூன் 24 – ஸ்பார்ட்டா, தெராப்னே

டைகெட்டோஸ் மலை. 2,400 மீட்டர் உயரத்தில் சுவர் மாதிரி நிற்கிறது, ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் அதன் முடிவில் அதுதான். இப்போதைய ஸ்பார்ட்டா 1834இல் புதிதாகத் திட்டமிட்டுக் கட்டிய ஊர், அகலத் தெருக்கள், நடைபாதை ஓரமெல்லாம் ஆரஞ்சு மரம்.

தெராப்னே ஊருக்கு வெளியே ஒரு குன்று. மேலே மெனெலாயன், டிராய் போருக்குக் காரணமான ஹெலனுக்கும் அவள் கணவன் அரசன் மெனெலாஸுக்கும் ஸ்பார்ட்டாக்காரர்கள் வழிபாடு நடத்திய கல்மேடை. மெனெலாஸ் சாக மாட்டான், உலகின் எல்லையில் இருக்கும் இன்ப உலகமான எலீசிய வெளிக்குப் போவான் என்று ஒடிஸியில் சொல்லப்படுகிறது. காரணம் அவன் வீரமோ நல்ல குணமோ இல்லை, ஹெலனைக் கட்டியவன், அதனால் ஜீயஸுக்கு மருமகன், அவ்வளவுதான்.

நான் வந்தது அவனுக்காக இல்லை, ஹெலனின் சகோதரர்களுக்காக. காஸ்டரும் பொலிடியூசிஸும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஆனால் பொலிடியூசிஸ் ஜீயஸின் மகன், காஸ்டர் மனிதனின் மகன். ஒரு சண்டையில் காஸ்டர் குத்துப்பட்டு மூச்சுத் திணறிக் கிடக்கிறான். தம்மைச் சுற்றி நிற்க யாருமில்லாத நேரத்தில் பொலிடியூசிஸ் அழுதுகொண்டே, ‘அப்பா, என்னையும் இவனோடு சேர்த்துச் சாகவிடு’ என்கிறான். ஜீயஸ் நேரில் வந்து இரண்டு வழி சொல்கிறான்: நீ மட்டும் மூப்பும் சாவும் இல்லாமல் ஒலிம்பஸில் என்னோடு இருக்கலாம், இல்லையென்றால் உன் பங்கை அவனோடு பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம், பாதிக் காலம் மண்ணுக்கடியில், பாதிக் காலம் வானத்துப் பொன் மாளிகையில். பழைய கிரேக்கக் கவிஞர் பிண்டார் பாடுகிறார், அவன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. உடனே காஸ்டரின் கண்ணும் குரலும் திறந்தன. கீழே இருக்கும் நாள்களில் அவர்கள் படுத்திருப்பது இந்தத் தெராப்னேயின் குழிகளில்தானாம்.

மேலே போன அத்தனை பேரிலும் நான் மதிப்பது இவனைத்தான். மற்றவர்களுக்குக் கிடைத்தது, அல்லது அவர்கள் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். இவன் ஒருவன்தான் முழுதாகக் கையில் வந்த அமரத்துவத்தைப் பாதியாக வெட்டித் தம்பிக்குக் கொடுத்தான். குன்றின் மேல் நின்று இந்தக் கதையை என் தம்பிக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினான்.

வரலாற்று ஆசிரியர் ஹெரொடோட்டஸ் எழுதிய ஒரு செய்தி இங்கே பொருத்தம். ஸ்பார்ட்டாவுக்கு எப்போதும் இரண்டு அரசர்கள். முன்பெல்லாம் இருவரும் சேர்ந்தே போருக்குப் போவார்கள், இந்தச் சகோதரர்கள் இருவரையும் துணைக்கு அழைத்துக்கொள்வார்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏதென்ஸ் மேல் போன இடத்தில் அரசர்கள் சண்டை போட்டுக்கொண்டதால், இனி ஒரு அரசன்தான் போக வேண்டும், சகோதரர்களிலும் ஒருவர் ஊரில் தங்க வேண்டும் என்று சட்டமே போட்டார்களாம்.

ஜூன் 25 – அமிக்ளே

செல்போன் வரைபடம் எங்களை ஆலிவ் தோப்புக்குள் கொண்டுபோய், ஒரு கம்பிக் கதவு முன்னால் நிறுத்திவிட்டது. பின்னாலேயே டிராக்டர். திட்டப் போகிறார் என்று நினைத்தால், அந்த அம்மா இறங்கி வந்து கதவைத் திறந்து, தன் தோப்பு வழியாகவே மறுபக்கச் சாலைக்கு விட்டார். போகும்போது ஜன்னல் வழியாக ஒரு பை எலுமிச்சை. கையில் மண், நகமெல்லாம் கறுப்பு, சிரிப்பு மட்டும் அவ்வளவு வெளிச்சம்.

அமிக்ளே குன்றில் அப்போலோ தெய்வத்தின் சிம்மாசனம் இருந்தது, மக்னீசியாவிலிருந்து வந்த பத்திக்ளெஸ் கட்டியது. அதில் நின்ற சிலை சுமார் 30 முழம் என்கிறார் பவுசானியாஸ். இப்போது கற்களைக் கோத்து ஒரு பகுதியை மீட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அந்தச் சிலையின் பீடம்தான் ஹயசிந்தஸின் கல்லறை. அப்போலோவுக்குப் பிரியமானவன், அப்போலோ எறிந்த வட்டு பட்டே செத்தவன். ஆண்டுதோறும் திருவிழாவில் அப்போலோவுக்குப் பலி கொடுப்பதற்கு முன்னால், பீடத்தின் இடது பக்கம் இருந்த வெண்கலக் கதவு வழியாக இவனுக்குப் படையல் போட்டிருக்கிறார்கள். தெய்வத்துக்கு முன்னால் செத்த பையனுக்கு!

பலருக்கும் தெரிந்த கதை, ரத்தத்திலிருந்து பூ பூத்தது என்பதோடு முடிகிறது. அந்தப் பீடத்தில் செதுக்கியிருந்தது வேறு: டெமெட்டர், ஆர்ட்டெமிஸ், அதீனா ஆகிய தேவிகளும் இன்னும் பலரும் சேர்ந்து ஹயசிந்தஸையும், கல்யாணமாகாமல் இறந்த அவன் சகோதரி பொலிபோயாவையும் வானுலகத்துக்கு அழைத்துப் போகிறார்கள். சிற்பத்தில் அவனுக்குத் தாடி இருந்தது என்று பவுசானியாஸ் குறித்து வைத்திருக்கிறார். ஓவியர்கள் எல்லோரும் மீசை முளைக்காத பையனாகவே வரைந்தவனை, சொந்த ஊர்க்காரர்கள் வளர்ந்த மனிதனாக மேலே அனுப்பியிருக்கிறார்கள். சாகாமல் இருந்திருந்தால் அவன் ஆகியிருக்கக்கூடிய உருவம். எனக்குத் தொண்டை அடைத்தது.

அவன் மேலே போய்விட்டான் என்று கல்லிலேயே செதுக்கி வைத்திருந்தும், திருவிழாவின் முதல் நாள் முழுக்கத் துக்கம்தான். தலையில் பூமாலை இல்லை, சாப்பாட்டில் ரொட்டி இல்லை, பாட்டு இல்லை. மறுநாள்தான் ஊரே காலியாகிக் குன்றுக்கு வந்து ஆட்டமும் பாட்டுமாக இருக்கும், அடிமைகளுக்கும் விருந்து உண்டு. போர் என்றால் அசராத ஸ்பார்ட்டாக்காரர்கள் ஒரு பையனுக்காக ஆண்டுக்கொரு நாள் ரொட்டி தின்னாமல் இருந்திருக்கிறார்கள்.

ஜூன் 26 – ஒலிம்பியா

சிக்காடா பூச்சிகளின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. பைன் மரங்கள் முழுக்க அவைதான். வெயில் ஏற ஏறச் சத்தமும் ஏறுகிறது. தித்தோனஸ் ஞாபகம் வராமல் இருக்குமா? விடியலின் தேவி ஈயோஸ் தூக்கிக்கொண்டு போன டிராய் இளவரசன். சாகா வரம் கேட்டு வாங்கினாள், இளமையைக் கேட்க மறந்தாள். முதல் நரை தெரிந்ததும் அவன் படுக்கைக்கு வருவதை நிறுத்தினாள், ஆனால் சோறும் அமுதும் நல்ல துணியும் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். கை கால் அசையாமல் போன பிறகு ஓர் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே அவன் குரல் மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பிற்காலத்தில் அவனைச் சிக்காடாவாக ஆக்கி முடித்தார்கள். அவன் கதையைச் சொல்லும் பழைய துதிப்பாடல் (அஃப்ரோடைட்டி தேவி மேல் பாடியது) அந்தக் கதவோடு நிறுத்திக்கொள்கிறது, அதுதான் கொடூரம்.

அருங்காட்சியகத்தில் ஏசி. அதற்காகவே பாதிக் கூட்டம். நான் நேராகப் போனது கானிமீடைப் பார்க்க, ஜீயஸ் தூக்கிக்கொண்டு போன டிராய் இளவரசன். சுடுமண் சிலை, ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், கி.மு. 470ஐ ஒட்டியது. ஜீயஸ் நடந்துகொண்டிருக்கிறான், வேகமாக, கையில் பயணத் தடி, வலது அக்குளில் பையனை இடுக்கியிருக்கிறான். பையன் கையில் ஜீயஸ் கொடுத்த சேவல், அதை விடாமல் பிடித்திருக்கிறான். ஜீயஸின் கறுத்த கூர்தாடியில், மேலங்கியில் சாயம் இன்னும் இருக்கிறது. கழுகு கிடையாது, மேகம் கிடையாது. சந்தையிலிருந்து எதையோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவனின் முகம் ஜீயஸுக்கு. பையனின் கால் தரையில் படவில்லை.

ஹோமரின் இன்னொரு காவியமான இலியட் சொல்கிறது: மகனுக்கு ஈடாக ஜீயஸ் அவன் அப்பா ட்ரோஸுக்குக் குதிரைகள் கொடுத்தான். அதே துதிப்பாடல் இன்னும் விவரமாகச் சொல்கிறது: சூறாவளி மகனை எங்கே கொண்டுபோனது என்றே தெரியாமல் ட்ரோஸ் விடாமல் அழுதான், ஜீயஸுக்கு இரக்கம் வந்து தேவர்களின் தூதன் ஹெர்மீஸை அனுப்பி, உன் மகன் சாவில்லாமல் மூப்பில்லாமல் இருக்கிறான் என்று சொல்லவைத்தான். அப்பா அழுகையை நிறுத்தி, குதிரைகளை ஓட்டி மகிழ்ந்தானாம். அந்தக் கடைசி வரியை நான் ஏற்கவில்லை. எந்த அப்பாவும் குதிரையை வாங்கிக்கொண்டு நிறுத்தமாட்டான்.

வெளியே, ஜீயஸ் கோயிலுக்குப் பக்கத்தில் பெலோப்ஸின் மேடு. இவன் திருப்பி அனுப்பப்பட்டவன். கடல் தேவன் பொசைடன் பொற்குதிரைகளில் ஏற்றி ஒலிம்பஸுக்குக் கொண்டுபோனான் என்கிறார் பிண்டார். அப்பா டாண்டலஸ் தேவர்களின் அமுதைத் திருடித் தன் நண்பர்களுக்கு ஊற்றியதால், பிள்ளையைக் கீழே தள்ளிவிட்டார்கள். ஒருமுறை மேலே இருந்தவன் மறுபடி மனிதனாகி, தேர் ஓட்டி, கல்யாணம் செய்து, செத்தான். பெலொபொனீஸ் என்கிற இந்தத் தீபகற்பத்துக்கே அவன் பெயர். இங்கே அவனுக்குக் கறுப்பு ஆட்டுக்கடா பலி கொடுப்பார்கள், அதன் கறியைத் தின்றவன் ஜீயஸ் கோயிலுக்குள் நுழையக் கூடாது.

ஜூன் 27 – வழியில்

பத்ராஸ், பிறகு 2004இல் திறந்த ரியோ பாலம், அப்புறம் கடலோரமாகவே இடேயா வரை. காற்றில் கார் ஆடியது. காபி 2 யூரோ 50, அம்ஃபிசாவில் ஆலிவ் மலிவு. பாவ்லியானி கிராமத்துக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது, ஸ்வெட்டர் வேண்டியிருந்தது.

ஜூன் 28 – ஓயிட்டா மலை

ஹெராக்ளிஸ் எரிந்த இடம். ஜீயஸுக்கு ஒரு மனிதப் பெண்ணிடம் பிறந்தவன், அதனாலேயே ஹீராவுக்கு ஆகாதவன். 1920, 21இல் தொல்லியலாளர் பப்படாகிஸ் தோண்டியபோது சாம்பல் அடுக்கும், எலும்பும், கதாயுதம் ஏந்திய சின்ன வெண்கலச் சிலைகளும் கிடைத்தன. கி.மு. 191இல் ரோமானியத் தளபதி கிளாப்ரியோ மெனக்கெட்டு மேலே ஏறி வந்து இங்கே பலி கொடுத்தான் என்று ரோம வரலாற்று ஆசிரியர் லிவி எழுதுகிறார். அப்போதே இந்த இடத்துக்குச் ‘சிதை’ என்று பெயர்.

காட்டுப்பாதை முழுக்கக் கூர்க்கல். ஃபிர் மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது பின் டயர் போய்விட்டது. திறந்து பார்த்தால் மாற்று டயரே இல்லை, வண்டி கொடுத்தவர்கள் ஓட்டையை அடைக்கும் ஒரு நுரை டப்பாவை மட்டும் வைத்திருக்கிறார்கள். எடுக்கும்போது கேட்டதற்கு ‘எல்லாம் இருக்கிறது’ என்று சொன்ன ஆள்கள். போதாததற்கு மூன்று ஆட்டு நாய்கள் எங்களைச் சுற்றிக்கொண்டன. கன்றுக்குட்டி அளவு இருக்கும் ஒவ்வொன்றும். தூரத்திலிருந்து ஒரு விசில், அவ்வளவுதான், அப்படியே உட்கார்ந்தன. மேய்ப்பர் வந்து டயரைப் பார்த்தார், நுரையை அவரே அடித்தார், 20 யூரோ நீட்டியதற்கு அதே ‘ச்சு’. சிதை எங்கே என்று கேட்டதும் தடியால் மேட்டைக் காட்டி, கூடவே நடந்து வந்தார்.

புல்வெளி, வரிசையாகக் கற்கள், சதுரமாக ஒரு சுற்றுச்சுவரின் அடி. நெஸ்ஸஸ் என்ற பாதி மனிதன் பாதிக் குதிரையின் விஷம் தோய்ந்த அங்கி தோலோடு ஒட்டி எரிய, ஹெராக்ளிஸ் தானே மரம் அடுக்கச் சொல்லி மேலே ஏறிப் படுத்தான். தீ வைக்க ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் ஃபிலொக்டெடெஸ் வைத்தான், பரிசாக ஹெராக்ளிஸின் வில் கிடைத்தது. பிற்பாடு அந்த மனிதன் பாம்புக் கடியில் கால் அழுகி, தனித்தீவில் வருஷக்கணக்கில் கிடந்தான். எலும்பு பொறுக்கப் போன, ஹெராக்ளிஸின் சகோதரன் மகன் அயோலாஸும் மற்றவர்களும் ஒன்றுமே கிடைக்காமல், சரி, தேவர்களிடம் போய்விட்டான் என்று முடிவு செய்தார்கள் என்று பழைய வரலாற்று ஆசிரியர் டியொடோரஸ் எழுதுகிறார். மேலே ஹீரா கட்டிலில் படுத்து, அவனைத் தன் உடலோடு சேர்த்து, ஆடைக்குள்ளிருந்து தரையில் நழுவவிட்டு, பிள்ளை பெறுவது போலச் செய்து தத்தெடுத்தாளாம். வாழ்நாள் முழுக்க அவனை வதைத்தவள்!

ஆனால் ஹோமருக்கு இதில் நிம்மதி இல்லை. இலியட்டில் ஹெராக்ளிஸே சாவிலிருந்து தப்பவில்லை என்கிறான் அக்கிலிஸ். ஒடிஸியில் ஒடிசியஸ் பாதாளத்தில் ஹெராக்ளிஸின் நிழலைப் பார்க்கிறான், அம்பைப் பூட்டியபடி சுற்றிலும் முறைத்துக்கொண்டு நிற்கிறது, தான் பட்ட பாட்டைச் சொல்லிப் புலம்புகிறது. ஹெராக்ளிஸோ அந்த நேரத்தில் மேலே தன் மனைவி, இளமையின் தேவி ஹீபியோடு விருந்தில் இருக்கிறான். பட்ட கஷ்டமெல்லாம் கீழேயே தங்கிவிட்டது, அதைச் சுமந்தவன் மட்டும் மேலே. நான் இதை ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். இடி முழங்கியதும் மேய்ப்பர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக எங்களைக் கீழே அனுப்பினார்.

மழை பிடித்துக்கொண்டது. 20 கிலோமீட்டர் வேகத்தில் கிராமத்துக்கு வந்து, மொச்சை மாதிரிப் பெரிய பயறு தக்காளியில் வெந்தது, ஆட்டுக்கறி, ரொட்டி, 24 யூரோ. விடுதிக்கார அம்மா தம்பியின் நனைந்த காலணிக்குள் செய்தித்தாளைத் திணித்து அடுப்பு ஓரம் வைத்தார். டயர் கடை லாமியாவில்தான் இருக்கிறதாம், நாளை ஞாயிறு, தெரிந்தவருக்குப் போன் போட்டுத் திறக்கச் சொல்கிறேன் என்கிறார். திறந்தால் மதியத்துக்குள் ஏதென்ஸ் போய்விடலாம்.